விருப்ப வீரர் வேறு அணிக்குக் கைமாறினால்: விசுவாசத்துக்கும் வியாபாரத்துக்கும் தனித்தனிப் பேரேடு எழுதும் முறை

டல்லாஸ் நகரின் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அரங்கத்துக்கு வெளியே கூடைப்பந்து வீரர் டர்க் நொவிட்ஸ்கிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஒரு காலை மடக்கித் தூக்கி, உடலைப் பின்னுக்குச் சாய்த்துப் பந்தை விடுகிற, அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்ட ‘ஃபேட்அவே’ எறிதலின் நிலையில் அது நிற்கிறது. பீடத்தில், விசுவாசம் ஒருநாளும் மங்காது என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தை, அந்த எறிதலின் பெயரையே சிலேடையாக்கிப் பொறித்திருக்கிறார்கள். 1998 முதல் 2019 வரை 21 சீசன்கள் மேவரிக்ஸ் என்னும் ஒரே அணிக்கு ஆடியவருக்கு அது பொருந்தும். 2025 பிப்ரவரி 2ஆம் தேதி அதே சிலையின் காலடிக்கு ரசிகர்கள் ஒரு சவப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள். முந்தைய நாள் இரவில், நொவிட்ஸ்கிக்குப் பிறகு அந்த ஊரின் செல்லப்பிள்ளையாக இருந்த லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்திருந்தது.

அப்போது அவருக்கு வயது 25. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ., ஆண்டின் சிறந்த ஐவரைக் கொண்டு அறிவிக்கும் முதல் சிறப்பு அணியில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இடம்பெற்றவர். எட்டு மாதங்களுக்கு முன்புதான் டல்லாஸை இறுதித் தொடருக்குக் கொண்டுபோயிருந்தார். இந்தியாவில் இருப்பவர்களுக்கு அந்தச் செய்தி ஞாயிறு முற்பகலில் வந்தது. முதலில் வெளியிட்ட செய்தியாளர் ஷாம்ஸ் சரானியாவின் சமூக ஊடகக் கணக்கை யாரோ கைப்பற்றி விளையாடுகிறார்கள் என்றே பலரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

இப்படிப்பட்ட நாளில் ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் ‘துரோகம்’ என்னும் சொல் பறக்கும். மறுபக்கம் ‘இது வெறும் வியாபாரம், வளர்ந்தவர்களைப் போல நடந்துகொள்ளுங்கள்’ என்னும் அறிவுரை வரும். இரண்டு பக்கமும் ஒரே பேரேட்டில் இரண்டு கடையின் கணக்கை எழுதுவதால்தான் சண்டை முடிவதே இல்லை. விசுவாசத்துக்கு ஒரு பேரேடு, வியாபாரத்துக்கு ஒரு பேரேடு என்று தனித்தனியாக எழுத வேண்டும். ஒன்றில் வந்த லாபத்தைக் கொண்டு மற்றதன் கடனைத் தீர்க்க முடியாது. அதை எப்படி எழுதுவது என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

முதல் நாள்

செய்தி வந்த அன்று செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: என்ன நடந்தது என்பதை முழுதாகக் குறித்துக்கொள்வது. யார் போனார், யார் வந்தார், எந்த ஆண்டின் தேர்வுரிமை (புதிய வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது கிடைக்கும் முறை) கைமாறியது, மூன்றாவது அணி எதற்காக நடுவில் வந்தது என்பவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டோன்சிச் விஷயத்தில் டல்லாஸுக்கு வந்தவர்கள் அந்தோணி டேவிஸும் மேக்ஸ் கிறிஸ்டியும். அவர்களோடு லேக்கர்ஸின் 2029ஆம் ஆண்டு முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்று. லேக்கர்ஸுக்கு டோன்சிச்சுடன் மேக்ஸி கிளீபரும் மார்க்கீஃப் மோரிஸும் போனார்கள். யூட்டா ஜாஸ் அணி ஓர் இளம் வீரரையும் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமைகளையும் பெற்றுக்கொண்டு சம்பளக் கணக்கு நேராவதற்கு உதவியது. இந்தப் பட்டியலைப் பார்க்காமல் கொதிப்பவர்களில் பாதிப்பேருக்கு, தேர்வுரிமை ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது என்பதே தெரிந்திருக்கவில்லை. தெரிந்த பிறகு இன்னும் கொதித்தார்கள் என்பது வேறு கதை.

செய்தி வந்துவிட்டதாலேயே பரிமாற்றம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். லீக் அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். வீரர்கள் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். அதே பிப்ரவரியில் லேக்கர்ஸ் அணி சார்லட்டிலிருந்து மார்க் வில்லியம்ஸைப் பெறுவதாக உடன்பட்டு, சில நாள்களில் பரிசோதனை முடிவைக் காரணம் காட்டி அதை ரத்து செய்தது. வழியனுப்பு மடல் எழுதி முடித்திருந்த சார்லட் ரசிகர்கள் அவரைத் திரும்பவும் வரவேற்க வேண்டியதாயிற்று.

முடிவெடுத்தது யார்

அடுத்து, பிரிவுக்குக் காரணமானவர் யார் என்பதைத் தீர்மானியுங்கள். ஒரு வீரர் அணியை விட்டுப் போவதற்கு மூன்று வழிகள் உண்டு. ரசிகர்கள் மூன்றையும் ‘போய்விட்டான்’ என்னும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள்.

ஒப்பந்தக் காலம் முடிந்து, சுதந்திர வீரராகத் தன் விருப்பத்துக்கு வேறு அணியில் சேர்வது ஒரு வழி. 2016 ஜூலையில் கெவின் டூரண்ட் ஓக்லஹோமா சிட்டியை விட்டுக் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனது அவ்வகை. அது பரிமாற்றமே இல்லை. வாடகைக் காலம் முடிந்து வீடு மாறியவரை ஓடிப்போனவர் என்று ஏசுவதற்கு நியாயம் குறைவு. ஒப்பந்தம் இருக்கும்போதே வீரர் தானாகக் கேட்டு மாறுவது இரண்டாவது வழி. 2004 டிசம்பரில் டொராண்டோவிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போன வின்ஸ் கார்ட்டர், 2023 ஜூலையில் போர்ட்லாந்திடம் மாற்றம் கேட்ட டேமியன் லில்லார்ட் ஆகியோர் இவ்வகை. வீரர் கேட்காமல், பல சமயம் அவருக்குத் தெரியாமலே, நிர்வாகம் அவரை அனுப்பிவிடுவது மூன்றாவது. டோன்சிச், டிமார் டிரோசன், ஐசையா தாமஸ், பிளேக் கிரிஃபின் எல்லாரும் இந்த வரிசையில் வருவார்கள்.

விசுவாசக் கணக்கில் பற்று யார் பெயரில் விழும் என்பது இதைப் பொறுத்தது. மூன்றாவது வகையில் வீரரின் பெயரில் ஒரு பைசாகூட விழாது. அப்படியிருந்தும், அவர் புதிய அணியின் உடையைப் பிடித்தபடி செய்தியாளர் முன்னால் சிரிக்கும் படத்தைப் பார்த்தவுடன் சிலருக்கு மனம் கசந்துவிடுகிறது. வேலைக்குப் போன இடத்தில் முதல் நாள் அவர் அழுதுகொண்டா நிற்க முடியும்?

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது

வீரர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அணியோடு போடப்பட்டதானாலும், அது அப்படியே, ஆண்டும் தொகையும் மாறாமல், இன்னோர் அணிக்கு மாற்றப்படக்கூடிய தன்மை உடையது. சம்பளம் வந்துகொண்டே இருக்கும். ஊர் மட்டும் மாறும். இதைத் தடுக்க வேண்டுமானால் ‘என் சம்மதமின்றி மாற்றக் கூடாது’ என்னும் பிரிவு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதைப் பேரம் பேசிப் பெறுவதற்கு வீரர் லீக்கில் எட்டு ஆண்டுகளாவது ஆடியிருக்க வேண்டும், அவற்றில் நான்கு ஆண்டுகளாவது அந்த அணியில் கழித்திருக்க வேண்டும் என்பது விதி. தகுதி இருந்தும் கிடைப்பவர்கள் மிகச் சிலர். நொவிட்ஸ்கியிடம் அது இருந்தது. லில்லார்ட் 2025இல் போர்ட்லாந்துக்கே திரும்பி மூன்று ஆண்டுகளுக்கு 42 மில்லியன் டாலருக்குக் கையெழுத்திட்டபோது அந்தப் பிரிவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆகவே, விருப்ப வீரர் புதிய ஒப்பந்தம் போடும் நாளில் தொகையைப் பார்ப்பதோடு நிற்காமல், இந்தப் பிரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ‘வாழ்நாள் முழுதும் இங்கேதான்’ என்று மேடையில் சொல்லப்படுவது எதுவும் ஆவணத்தில் இல்லை என்று பொருள்.

டோன்சிச்சின் கதையில் இன்னொரு வினோதம் உண்டு. அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். டூரண்ட் போன மறுஆண்டு நடைமுறைக்கு வந்த, லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான தொழிலாளர் ஒப்பந்தத்தில் ‘சூப்பர்மேக்ஸ்’ என்னும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. சிறப்பு அணியில் இடம்பெறுவது போன்ற சாதனைகளைச் செய்த வீரர், தன்னை வளர்த்த அணியிலேயே நீடித்தால், அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பில் 30 சதவீதத்துக்குப் பதிலாக 35 சதவீதத்தில் தொடங்கும் ஒப்பந்தத்தைப் பெறலாம். அதாவது விசுவாசத்துக்கு லீக்கே விலைச் சீட்டு ஒட்டிவிட்டது. 2025 கோடையில் டோன்சிச் டல்லாஸோடு அதில் கையெழுத்திட்டிருந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 345 மில்லியன் டாலர் வரும் என்று கணக்கிடப்பட்டது. அணி அவரை அனுப்பியவுடன் அந்தத் தகுதி பறிபோயிற்று. இருக்க விரும்பியவர் அவர், அனுப்பியது அணி, பரிசை இழந்தவர் மட்டும் வீரர். ஆகஸ்டில் அவர் லேக்கர்ஸோடு மூன்று ஆண்டுகளுக்கு 165 மில்லியன் டாலருக்குக் கையெழுத்திட்டார். அவருக்காக யாரும் உண்டியல் குலுக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் விதியின் அமைப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எழுதாமல் கொடுத்த சொல்

ஒப்பந்தத்தைப் படித்து முடித்த பிறகு, அதில் எழுதப்படாமல் வாய்மொழியாக, கைகுலுக்கலாக, மேடைப் பேச்சாகக் கொடுக்கப்பட்ட சொல் ஏதும் உண்டா என்று தேடுங்கள். விசுவாசப் பேரேட்டின் முக்கியமான பக்கம் இதுதான். அணி வீரரை விற்றதே குற்றம் என்று தொடங்கினால் வழக்கு நிற்காது, ஏனென்றால் விற்கும் உரிமையை ஒப்பந்தம் அதற்குக் கொடுத்திருக்கிறது. விற்பதில்லை என்று சொல்லிவிட்டு விற்றதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

டிமார் டிரோசனை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் ஒன்பதாவது தேர்வாக டொராண்டோ ராப்டர்ஸுக்கு வந்தவர். பெரிய வீரர்கள் வர மறுக்கிற, வந்தாலும் தங்க மறுக்கிற அணி என்று பெயர் எடுத்திருந்த அந்த அணியில் ஒன்பது சீசன்கள் ஆடி, அதன் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவரானார். 2016 கோடையில் வேறு எந்த அணியையும் சந்திக்காமலே மீண்டும் அங்கேயே கையெழுத்திட்டார். 2018 ஜூலை 18 அன்று அவரை சான் அன்டோனியோவுக்கு அனுப்பிக் காவாய் லெனர்டை வாங்கினார்கள். சில நாள்களுக்கு முன்புதான் நிர்வாகத் தலைவர் மசாய் உஜிரியோடு அவர் பேசியிருந்தார். தன்னை மாற்றப்போவதில்லை என்ற எண்ணத்தோடு அந்தப் பேச்சிலிருந்து எழுந்து வந்தார். இரவில் தொலைபேசியில் செய்தி வந்தபோது, ஒரு துரித உணவகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் நெடுநேரம் காரிலேயே உட்கார்ந்திருந்ததாகப் பின்னர் சொன்னார். இந்த விளையாட்டில் விசுவாசம் என்பதே இல்லை என்று அவர் சமூக ஊடகத்தில் எழுதியதை ரசிகர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். தங்களுக்கிடையே தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று சொல்லி, உஜிரி செய்தியாளர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார்.

இங்கே பற்று எழுத வேண்டியது அந்தப் பேச்சுக்குத்தான். ‘உன்னை மாற்றுவதற்கான பேச்சு நடக்கிறது, நடக்காமலும் போகலாம்’ என்று சொல்லியிருந்தால் டிரோசனுக்குக் கோபம் வந்திருக்கும், பேரத்தில் அணியின் கை சற்று வலுவிழந்திருக்கும். அந்தச் சிறு நஷ்டத்தை ஏற்க மறுத்ததுதான் விசுவாசக் குறைவு.

பிளேக் கிரிஃபினுக்கு நடந்தது இன்னும் அப்பட்டம். 2017 கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் அணி அவரைத் தக்கவைத்துக்கொள்ள, காலியான அரங்கத்துக்கு அழைத்துப் போய், அவருடைய ஜெர்சி கூரைக்கு ஏற்றப்படும் ஓய்வு விழாவை (அந்த எண்ணை இனி வேறு யாருக்கும் தராமல் கௌரவிக்கும் விழாவை) ஒத்திகைபோல நடத்திக் காட்டியது. ஆயுள் முழுவதும் இந்த அணிக்காரர் என்பதே அந்தக் காட்சியின் செய்தி. அவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 2018 ஜனவரி 29 அன்று டெட்ராய்ட்டுக்கு அனுப்பப்பட்டார். ஏழு மாதங்கள்கூட ஆகவில்லை. டெட்ராய்ட்டுக்கு அனுப்பியது தவறா என்பதில் வாதாடலாம். அந்த ஒத்திகை விழாவை எப்படி நியாயப்படுத்துவது என்று எனக்குப் புலப்படவில்லை.

சொல்லே கொடுக்காமல், வீரர் தந்த உழைப்பினால் மட்டும் கடன் ஏறுகிற சந்தர்ப்பமும் உண்டு. 2017 ஏப்ரலில் ஐசையா தாமஸின் தங்கை கார் விபத்தில் இறந்தார். மறுநாளே அவர் பாஸ்டனுக்காகப் பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் வெளியேற்றச் சுற்று) ஆட்டத்தில் இறங்கினார். அடுத்த மாதம், தங்கையின் பிறந்தநாளன்று, வாஷிங்டனுக்கு எதிராக 53 புள்ளிகள் எடுத்தார். இடுப்புக் காயத்தோடு ஆடிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் அவரைக் கைரி இர்விங்குக்காகக் கிளீவ்லாந்துக்கு அனுப்பினார்கள். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டால், விசுவாசப் பேரேட்டில், திருப்பிக் கொடுக்க முடியாத கடன் என்ற தலைப்பில் எழுதுங்கள். அதற்கு ஈடாக அவரை வாழ்நாள் முழுதும் வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கடன் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது என்பதே.

வியாபாரப் பேரேடு

‘வியாபாரம்’ என்று சொன்னவுடன் கேள்வி முடிந்துவிட்டதுபோல் பலர் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அங்கேதான் கேள்வி ஆரம்பமாகிறது: அது நல்ல வியாபாரமா? அன்றைய தேதியில் நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தவற்றை மட்டும் வைத்து இதைப் பாருங்கள். வாங்கியவரின் வயது, காயங்கள், ஒப்பந்தத்தில் மீதமுள்ள ஆண்டுகள், கொடுத்தவரைப் பற்றிய அதே விவரங்கள், சம்பள வரம்பு எவ்வளவு இறுக்குகிறது, எத்தனை அணிகளிடம் விலை கேட்கப்பட்டது ஆகியவை போதும்.

சம்பள வரம்பு இப்போதெல்லாம் உண்மையான காரணமாக இருக்கலாம். 2023இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தம் சம்பளச் செலவுக்கு வகுத்த இரண்டாவது, இன்னும் உயர்ந்த வரம்பைத் தாண்டும் அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பரிமாற்றம் செய்வதுகூடத் தடைபடுகிறது. 2024இல் கோப்பை வென்ற பாஸ்டன், மறு கோடையிலேயே ஜூரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் அனுப்பியது அந்த நெருக்கடியால்தான். அங்கே ‘வேறு வழியில்லை’ என்ற சொல்லுக்கு அர்த்தம் இருந்தது.

டொராண்டோவின் வியாபாரக் கணக்கும் நேர்த்தியானது. 2016, 2017, 2018 என்று மூன்று பிளேஆஃப்களில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்து அணி அவர்களை வெளியேற்றியிருந்தது. கடைசி இரண்டு தொடர்களில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. அந்த ஜூலையில் லெப்ரான், டொராண்டோ ஆடும் கிழக்குப் பிரிவை விட்டு மேற்குப் பிரிவுக்குப் போய்விட்டார், வாசல் திறந்திருந்தது. லெனர்ட் முந்தைய சீசனில் காயத்தால் ஒன்பது ஆட்டங்களே ஆடியிருந்தார், ஓராண்டில் போய்விடக்கூடும் என்பதும் தெரிந்திருந்தது. தெரிந்தே பந்தயம் கட்டினார்கள். 2019இல் கோப்பையை வென்றார்கள். லெனர்டும் எதிர்பார்த்தபடி கிளிப்பர்ஸுக்குப் போனார். ஆகவே டொராண்டோவின் வியாபாரப் பேரேட்டில் வரவு, விசுவாசப் பேரேட்டில் பற்று. கோப்பை வந்துவிட்டதால் டிரோசனிடம் பேசிய பேச்சும் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால், பக்கம் மாற்றி எழுதுகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

டல்லாஸின் கதை வேறு. பொது மேலாளர் நிகோ ஹாரிசன், தடுப்பாட்டமே கோப்பையை வெல்லும் என்று காரணம் சொன்னார். டோன்சிச்சின் உடல்தகுதியைப் பற்றி நிர்வாகத்துக்கு மனக்குறை இருந்ததாகவும் செய்திகள் வந்தன. இந்தக் காரணங்களை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், விற்ற விதம் இடிக்கிறது. ஹாரிசன், லேக்கர்ஸின் பொது மேலாளர் ராப் பெலிங்காவோடு மட்டும் வாரக்கணக்கில் ரகசியமாகப் பேசி முடித்தார். மற்ற அணிகளுக்குச் செய்தி வந்த பிறகே விஷயம் தெரிந்தது. நம் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தொகை தெரியாது. அங்கும்கூட, ஒரு தரகரின் விரலை விட்டு அடுத்தவரின் விரலைப் பிடித்துப் பார்க்காமல் நல்ல மாட்டை யாரும் அவிழ்த்து விடமாட்டார்கள். 25 வயதுக்காரரைக் கொடுத்து, காயங்களுக்குப் பேர்போன 31 வயதுக்காரரையும் ஒரே ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமையையும் பெற்றது, இரண்டாவது விரலைப் பிடிக்காததன் விளைவு.

ஆகவே சிலையின் முன் சவப்பெட்டி வைத்தவர்கள் விசுவாசத்தின் பெயரால் அழுதாலும், அவர்களுடைய வலுவான வழக்கு வியாபாரப் பக்கத்தில்தான் இருந்தது. ‘இது வியாபாரம்’ என்று அவர்களை அடக்க முயன்றவர்களுக்கு அதுவே சரியான பதில்.

கணக்கை எப்போது முடிப்பது

விசுவாசக் கணக்கை உடனே முடித்துவிடலாம். சொல் காக்கப்பட்டதா இல்லையா என்பது சில வாரங்களில் வெளியே வந்துவிடும். வியாபாரக் கணக்கு மெல்லத்தான் முற்றும். 2013இல் பாஸ்டன் தன் அருமை வீரரான பால் பியர்ஸையும் கெவின் கார்னெட்டையும் புரூக்ளினுக்குக் கொடுத்தபோது ஊரே வருந்தியது. பதிலாகக் கிடைத்த தேர்வுரிமைகளின் வழியாக 2016இல் ஜெய்லன் பிரவுனும், 2017இல் ஜேசன் டேட்டமும் வந்தார்கள். அவ்விருவரும் 2024இல் கோப்பை வென்றார்கள், பதினோராண்டு ஆயிற்று.

முடிவை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதில் ஒரு பொறியும் உண்டு. தேர்வு வரிசையை முடிவுசெய்யும் 2025 மே மாதக் குலுக்கலில், வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு டல்லாஸுக்கு முதல் தேர்வு விழுந்தது. அந்தத் தேர்வில் இளம் வீரர் கூப்பர் ஃபிளாக் வந்து சேர்ந்தார். சிலர் அதை வைத்து ஹாரிசனின் முடிவு பலித்துவிட்டது என்றார்கள். லாட்டரி விழுந்ததால் வீட்டை விற்றது புத்திசாலித்தனம் ஆகிவிடாது. அணியும் அப்படி நினைக்கவில்லை போலும். நவம்பர் 11 அன்று ஹாரிசனைப் பதவியிலிருந்து நீக்கியது.

ரசிகர் தம் பக்கத்தைச் சரிபார்ப்பது

இதுவரை மற்றவர்களின் கணக்கு. நம்முடையதைப் பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். எனக்கே அது சங்கடமாக இருந்தது. டோன்சிச்சோடு அனுப்பப்பட்ட மேக்ஸி கிளீபர், 2017 முதல் டல்லாஸில் இருந்தவர். டோன்சிச்சைவிட ஓராண்டு மூத்த குடி. காலில் எலும்பு முறிந்து ஆட முடியாமல் இருந்த நிலையில் ஊர் மாற்றப்பட்டார். அவருக்காக எத்தனை பேர் விசுவாசம் என்ற சொல்லை எடுத்தோம்? பெஞ்சில் இருப்பவரை ‘சம்பளத்தைச் சமன்செய்ய உதவுவார்’ என்று எழுதிவிட்டு, நாயகனுக்கு வரும்போது மட்டும் அறம் பேசுகிறோம் என்றால், நாம் கேட்பது விசுவாசமா, நமக்குப் பிடித்ததை எடுக்காதே என்னும் அடமா என்று யோசிக்க வேண்டும். இரண்டாவதாக இருந்தாலும் தவறில்லை. பெயரை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளலாம்.

மாற்றாக வந்தவர்மேல் கோபத்தைக் காட்டாதீர்கள். டேவிஸ் அந்தப் பரிமாற்றத்தைக் கேட்கவில்லை. டல்லாஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்தில் 26 புள்ளிகளும் 16 ரீபவுண்டுகளும் எடுத்துவிட்டு, அதே ஆட்டத்தில் காயமடைந்து வெளியேறினார். நிர்வாகத்தைக் கேள்வி கேளுங்கள், பதாகை பிடியுங்கள், சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் விடுங்கள். வியாபாரம் என்று சொல்பவர்களுக்கு வியாபார மொழி நன்றாகப் புரியும். நிர்வாகியின் குடும்பத்தையும் வீட்டையும் இதில் இழுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

பழைய வீரர் எதிரணியாகத் திரும்பி வரும் இரவுக்கு முன்கூட்டியே ஒரு முடிவு செய்துகொள்ளுங்கள். அறிமுகத்தின்போது எழுந்து நில்லுங்கள், பிறகு உங்கள் அணிக்குக் கைதட்டுங்கள் என்பது என் பரிந்துரை. ஆனால் அது எளிதில்லை. 2025 ஏப்ரல் 9 அன்று டல்லாஸில் ஒவ்வோர் இருக்கையிலும், ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று டோன்சிச்சின் தாய்மொழியான ஸ்லோவேனிய மொழியில் அச்சிட்ட சட்டை வைக்கப்பட்டிருந்தது. நன்றிக் காணொளி திரையில் ஓடியபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்து, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய் 45 புள்ளிகள் எடுத்தார். ஊர்க்காரர்கள் ஒவ்வொரு கூடைக்கும் ஆர்ப்பரித்தார்கள். தங்கள் அணி 112க்கு 97 என்று தோற்றுக்கொண்டிருந்ததை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிரோசன் 2019 பிப்ரவரியில் டொராண்டோவுக்கு வந்தபோதும் அரங்கமே எழுந்து நின்றது. ஆட்டத்தின் கடைசி நொடிகளில் அவர் கையிலிருந்த பந்தைப் பறித்து வெற்றியை உறுதிசெய்தவர், யாருக்காக அவர் கொடுக்கப்பட்டாரோ அந்த லெனர்ட்.

கடைசியாக, ஜெர்சி. எரித்துப் படம் போடுவதற்கு முன் வின்ஸ் கார்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 2004க்குப் பிறகு டொராண்டோவுக்கு அவர் வரும்போதெல்லாம் பந்தைத் தொட்டாலே கூச்சலிட்டு ஏசினார்கள். பல ஆண்டுகள் அப்படியே போயிற்று. 2014 நவம்பரில், மெம்ஃபிஸ் உடையில் வந்தவருக்கு ஒரு காணொளி காட்டினார்கள். அரங்கம் எழுந்து கைதட்ட, அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். 2024 நவம்பர் 2 அன்று அவருடைய 15ஆம் எண் கூரைக்கு ஏறியது; அந்த அணி ஒரு வீரரின் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது அதுவே முதல் முறை. என் அலமாரியில் டோன்சிச்சின் 77 எண் போட்ட நீலச் சட்டை ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட சட்டையை எடுத்து வைப்பவர்கள், அச்செழுத்து உட்புறம் வரும்படி திருப்பி, மடிப்புக் கோடு எண்ணின் மேல் விழாமல் மடிக்க வேண்டும். எண்ணின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் அச்சு உரிந்துவிடும். பாச்சை உருண்டையைக் காகிதத்தில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் போதும்.